எங்க ஊர் பால்வாடிக்கு ஈடு இணை கிடையாது!

திருவையாற்றுப் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் அங்கன்வாடியைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் எழுந்து போய்விடுகிறார்கள். நீங்களாவது உட்கார்ந்து கேளுங்கள். பலகையில் குழந்தைகள் மையம் என்று இருக்கும். ஊர் வாயில் இன்றைக்கும் அது பால்வாடிதான்.

என் பேத்திக்கு இரண்டு வயது முடிந்ததும் சேர்த்தோம். நாட்டின் மற்ற பகுதிகளில் அங்கன்வாடிக் கல்வி பெரும்பாலும் மூன்று வயதில்தான் தொடங்கும். தமிழ்நாட்டில் இரண்டு முடிந்தாலே சேர்த்துக்கொள்கிறார்கள். நடவும் களையெடுப்பும் பெண்கள் கையில் இருக்கிற ஊரில் அது எத்தனை பெரிய உபகாரம் தெரியுமா! சத்துமாவு, சுடுசாதம், முட்டை எல்லாம் உண்டு. ஆனால் நான் சொக்கிப்போனது அந்த டீச்சரின் பொறுமையில்.

ஒரு சின்னச் சொம்பு, இரண்டு டம்ளர், கீழே ஒரு தாம்பாளம். தண்ணீரைச் சொம்பிலிருந்து டம்ளருக்கு ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் பாடம். என் பேத்தி நாக்கைத் துருத்திக்கொண்டு ஊற்றுகிறாள். பாதி தாம்பாளத்தில், பாதி பாவாடையில். எனக்குக் கை பரபரக்கிறது. "இருங்க அம்மாயி, அவளே பாத்துக்குவா" என்று டீச்சர் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார். டம்ளர் நிறைந்ததும் அவள் ஊற்றுவதை நிறுத்தி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், கலெக்டர் தோற்றார்! 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் முறையிலும் இந்த ஊற்றும் பயிற்சி உண்டு. கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்யப் பழகுவது இப்படித்தான்.

பொம்மை விஷயத்தில் டீச்சர் இன்னும் கெட்டிக்காரி. நம்ம தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையையும் நொங்கு வண்டியையும் இரண்டிரண்டாக வைத்திருக்கிறார். இரண்டு வயதில் பகிர்ந்து விளையாடத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு விளையாடத்தான் தெரியும். அதைப் புரிந்துகொண்டு ஜோடி வாங்கிவைத்ததால் பாதிச் சண்டை தானே ஒழிந்தது. சாய்த்த பொம்மை எழுந்து நிற்க, மறுபடி சாய்க்க, ஒரே கும்மாளம். புளியங்கொட்டையைப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும்தான் எடுப்பார். பொடிசுகள் மூக்கில் போட்டுக்கொள்ளும். அவர்களுக்குக் கொட்டாங்குச்சியும் வாய்க்கால் களிமண்ணும். எங்கள் வண்டல் மண் பிசையப் பிசைய வெண்ணெய்!

"இன்னும் அ, ஆ எழுத வைக்கலியே?" என்று ஓர் அப்பா கேட்டார். "விரல் வலுக்கட்டும் அண்ணே, களிமண் உருட்டட்டும். எழுத்து எங்க ஓடிப்போவுது?" என்றார் டீச்சர். கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. அரசின் பாடத்திட்டத்துக்குப் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'தானே!

ஓயாத பேச்சு வேறு. கை கழுவும்போது "தண்ணி சில்லுனு இருக்கா? இந்தக் கை முடிஞ்சுது, அந்தக் கை எங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். மழலையில் என்ன வந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த பேச்சு. சேர்ந்த புதிதில் ஒற்றைச் சொல்லில் காரியம் சாதித்த என் பேத்தி, இப்போது "அம்மாயி, நீ ஊத்தாத, நான் ஊத்துறேன்" என்கிறாள். மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அந்த ஆறு வருஷத்தில் ஒரு பங்கு இப்படிப்பட்டவர் கையில் கிடைப்பது கொடுப்பினை இல்லாமல் வேறென்ன?

பக்கத்துத் தெருவிலேயே பால்வாடியை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வேன் ஏற்றுகிறவர்களே, ஒரு காலைப்பொழுது போய் உட்கார்ந்து பாருங்கள். அப்படியே வீட்டிலும் ஒரு சொம்பும் டம்ளரும் கொடுங்கள். சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்; அந்தத் துணியையும் பிள்ளை கையிலேயே கொடுங்கள், அதுவும் பாடம்தான்!