கண்ணில் தெரியும் கல்லீரல் எந்தக் கல்லீரல்?

சீன மருத்துவம் என்று தேடினால் ஒரு படம் தவறாமல் வந்து நிற்கும். பெரிய கண் ஒன்று, அதன் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு கோடு, கோட்டு முனையில் ஓர் உறுப்பின் பெயர். இமைக்கு மண்ணீரல், கண்ணின் இரண்டு ஓரங்களுக்கும் இதயம், வெள்ளைவிழிக்கு நுரையீரல், கருவிழிக்குக் கல்லீரல், நடுவிலிருக்கும் கண்மணிக்குச் சிறுநீரகம். இதற்கு 'ஐந்து சக்கரங்கள்' என்று பெயர். நிறையப் பேர் இதை ஐரிடாலஜியோடு போட்டுக் குழப்பிக்கிறாங்க. அது 19ஆம் நூற்றாண்டில் ஹங்கேரிக்காரரான இக்னாஸ் வான் பெக்செலி தொடங்கி வைத்தது. சக்கரக் கணக்கு அதைவிட ரொம்பப் பழசு.

இதன் வேர் 'ஹுவாங்டி நெய்ஜிங்' என்ற பழைய சீன மருத்துவ நூல். அதன் 'லிங்ஷு' பாகத்தில், உடம்பிலுள்ள எல்லா உள்ளுறுப்புகளின் சாரமும் மேலேறிக் கண்ணில் வந்து சேர்கிறது என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. எலும்பின் சாரம் கண்மணி, தசைநாரின் சாரம் கருவிழி என்று அது பிரித்துக்கொண்டே போகும். எலும்பு சிறுநீரகத்தின் பொறுப்பு, தசைநார் கல்லீரலின் பொறுப்பு என்பது அந்த மருத்துவத்தின் அடிப்படைக் கணக்கு. பின்னால் வந்தவர்கள் இதையே சக்கரங்களாக அடுக்கினார்கள். சோங் காலத்தில் 992இல் முடிந்த 'தைபிங் ஷெங்ஹுய் ஃபாங்' தொகுப்பில் ஐந்து சக்கரங்களும் வந்துவிடுகின்றன.

சரி, இது உண்மையா? ஆதரவாளர்கள் முதலில் எடுத்து வைப்பது மாலைக்கண். சீன மருத்துவர்கள் மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரல், பன்றி ஈரல் சாப்பிடச் சொன்னார்கள். அது வேலையும் செய்தது. காரணம் இன்றைக்குத் தெரியும். வைட்டமின் ஏ ஈரலில்தான் சேமிப்பாக இருக்கிறது, மங்கிய வெளிச்சத்தில் பார்க்க விழித்திரைக்கு அது வேண்டும். "பார்த்தீங்களா, கல்லீரலுக்கும் கண்ணுக்கும் தொடர்பு இருக்குன்னு அவங்க அப்பவே சொல்லிட்டாங்க!" என்பார்கள். ஆனால் எகிப்தின் ஏபர்ஸ் பாப்பிரஸிலும், ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களிலும் இதே ஈரல் வைத்தியம் இருக்கிறது. அங்கே ஐந்து சக்கரமும் கிடையாது, மரம் நெருப்பு மண் உலோகம் நீர் என்ற ஐந்து நிலைகளும் கிடையாது. ஈரல் சாப்பிட்டவனுக்கு இரவில் கண் தெரிந்தது, அதை மூன்று நாட்டுக்காரர்களும் கவனித்தார்கள். மருந்து பலித்தது என்பதற்காக அதற்குச் சொன்ன விளக்கமும் சரி என்று ஆகிவிடாது.

இப்போது காமாலைக்கு வாங்க. கல்லீரல் கெட்டால் கண்ணில் முதலில் தெரிவது வெள்ளைவிழியின் மஞ்சள். நெய்ஜிங்கே கண் மஞ்சளானால் அது காமாலை என்று பதிவு செய்திருக்கிறது. கவனிப்பில் குறையே இல்லை. ஆனால் சக்கரப் படத்தில் வெள்ளைவிழி நுரையீரலின் கணக்கு. கல்லீரலைப் பற்றிக் கண் சொல்லும் மிகத் தெளிவான சேதி, கல்லீரலுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் போய் விழுகிறது.

இதற்குப் பதில் ஒன்று தயாராக இருக்கும். "சீனர்கள் சொல்ற 'கான்' வேற, உங்க கல்லீரல் வேற. அது உறுப்பு இல்ல, பல இயக்கங்களோட தொகுப்பு." நியாயமான வாதம்தான், பழைய நூல்களை நிதானமாகப் படிப்பவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அப்படி என்றால் வைட்டமின் ஏ சேமித்து வைக்கும் கல்லீரலைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. பொருந்தும்போது உறுப்பு, பொருந்தாதபோது தத்துவம் என்பது கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை கதைதான்.

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. கண் சிவந்து, தலைவலித்து, வாய் கசந்தால் 'கல்லீரல் தீ' என்பார்கள். அதற்குப் பேர்போன மருந்து 'லொங்டான் ஷியேகான்' மாத்திரை. பெயரிலேயே கல்லீரல் இருக்கிறது. அதில் 'மு தோங்' என்ற கொடி சேரவேண்டிய இடத்தில், 20ஆம் நூற்றாண்டில் 'குவான் மு தோங்' என்ற வேறொரு கொடி புகுந்துவிட்டது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோயும் தரும். கல்லீரல் சூட்டைத் தணிக்கப் போனவர்களில் பலருக்குச் சிறுநீரகம் போனது. 2003இல் சீன அரசு அந்தக் கொடியை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது.

கொடி மாறியதற்குக் கோட்பாடு என்ன செய்யும் என்று கேட்கலாம். சரி, அந்தப் பழியை அதன்மேல் போட வேண்டாம். நான் கேட்பது வேறு. சக்கரப் படத்தில் கண்மணிதானே சிறுநீரகத்தின் இடம்? அத்தனை பேருக்குச் சிறுநீரகம் அழிந்தபோது அதைக் காட்டிக்கொடுத்தவை ரத்தப் பரிசோதனையும் திசுப் பரிசோதனையும். கண்மணி ஒன்றும் சொல்லவில்லை.

கண் உடம்பைப் பற்றிப் பேசாது என்று நான் சொல்லவில்லை. கீழிமையின் உட்புறம் வெளுத்திருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம். விழித்திரையைப் பார்த்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் செய்த சேதத்தை மருத்துவர் சொல்லிவிடுவார். வில்சன் நோயில் தாமிரம் சேர்ந்து கருவிழியைச் சுற்றி ஒரு வளையமே விழும், அதுவும் கல்லீரல் சம்பந்தப்பட்ட நோய்தான். இவை ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது, தப்பென்றால் தப்பென்று தெரிந்துவிடும். படத்தை ரசிக்கலாம், பழைய மருத்துவர்களின் கூர்மையை மெச்சலாம். ஆனால் கண் சிவந்து, கடுமையாக வலித்து, பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் 'கல்லீரல் தீ' என்று மாத்திரை தேடிக்கொண்டிருக்காதீங்க. அது திடீர்க் கண் அழுத்த நோயாக இருக்கலாம், சில மணி நேரத்தில் பார்வையே போய்விடும். நேராகக் கண் மருத்துவரிடம் போங்க.