அங்கீகாரம் பெற்ற மருந்தும் வன்னியின் நோயாளரும்

இலங்கையின் இலவச மருத்துவ சேவையில் விலை உயர்ந்த புதிய மருந்தொன்று இரண்டு கட்டத் தேர்வைக் கடக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அதன் தரம், பாதுகாப்பு, செயற்றிறன் ஆகியவற்றை ஆராய்ந்து பதிவு செய்வது முதற்கட்டம். சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவு அதனை அரச வைத்தியசாலைகளுக்கெனக் கொள்வனவு செய்யத் தெரிவு செய்வது அடுத்தது.

இம்முறையின் வலிமை அதன் மரபிலேயே உள்ளது. 1971இல் தொடங்கப்பட்ட அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, வணிகப் பெயரை விடுத்து மூலப்பெயரில் மருந்தைக் குறிப்பதையும், நாடு முழுவதற்கும் ஒன்றாகக் கொள்வனவு செய்து விலையைக் குறைப்பதையும் வலியுறுத்தினார். நாட்டின் வடக்கே வன்னியில் வாழும் வறிய குடும்பம் ஒன்று பணம் செலுத்தாமல் இன்சுலின் பெறுவது இந்த மரபின் பயனாகும்.

எனினும், மருந்து பயன் தருமா என்ற கேள்விக்கு விடை காண்பதில் காட்டப்படும் அக்கறை, அது யாரைச் சென்றடையும் என்ற கேள்வியில் காட்டப்படுவதில்லை. மார்பகப் புற்றுநோயின் ஒரு வகைக்குரிய டிராஸ்டுசுமாப், 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. கட்டியின் கலங்களில் ஹெர்-2 எனும் புரதம் மிகுந்திருப்பதை ஆய்வுகூடம் உறுதிசெய்த பின்னரே அதனைத் தொடங்க முடியும். இதயத்தின் இயக்கத்தை இடையிடையே சோதித்தவாறு, வழக்கமாக மூன்று வாரங்களுக்கொரு முறை ஓராண்டு வரை ஏற்ற வேண்டும். ஆகவே முல்லைத்தீவுப் பெண்ணொருவர் தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு மீண்டும் மீண்டும் பயணிக்கும் செலவும், அந்நாட்களில் அவர் இழக்கும் கூலியும் மருந்தின் உண்மையான விலையில் அடங்குகின்றன. கொள்வனவுக் கணக்கோ அவற்றைப் பதிவதில்லை.

இரண்டாவது குறை தேவையை அளக்கும் விதத்தில் உள்ளது. வைத்தியசாலைகளின் வருடாந்த மதிப்பீடு பெரும்பாலும் முந்தைய பாவனையையே அடிப்படையாகக் கொள்வதால், விசேட வைத்திய நிபுணர் இல்லாத இடத்தில் மருந்து எழுதப்படுவதில்லை, எழுதப்படாத மருந்துக்குத் தேவையும் தோன்றுவதில்லை. இவ்வாறு பற்றாக்குறையே தேவையின்மையாகப் பதிவாகிவிடுகிறது. காரணம் முழுமையாகத் தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் வவுனியா போன்ற மாவட்டத்தில் இது பாரதூரமான பிழையாகும்.

மூன்றாவதாக, பதிவின்றி இறக்குமதி செய்ய இடமளிக்கும் விலக்களிப்பு, தட்டுப்பாட்டுக் காலத்தில் உயிர்காப்பதாயினும், தேர்வின் முதற்கட்டத்தையே தளர்த்திவிடுகிறது. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்தின் கொள்வனவு தொடர்பாக எழுந்த விவகாரம் அதன் ஆபத்தை வெளிப்படுத்தியது.

2007இல் தாய்லாந்து உருவாக்கிய ஹிடாப் எனும் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு, மருந்தின் பயனையும் செலவையும் ஒப்பிட்டு ஆராய்வதோடு, எதனை ஆராய வேண்டும் என்று முன்மொழியும் உரிமையை நோயாளர் அமைப்புகளுக்கும் வழங்குகிறது. இலங்கையும் அவ்வழியைப் பின்பற்றி, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் மருத்துவர்களையும் நோயாளரையும் முடிவெடுக்கும் குழுக்களில் சேர்ப்பதோடு, பரிசோதனை, பயணம், கண்காணிப்பு ஆகியவற்றுக்கான ஏற்பாட்டை ஒவ்வொரு அங்கீகாரத்துடனும் கட்டாயமாக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாதவரை, வரிப்பணத்தில் வாங்கப்படும் விலை உயர்ந்த மருந்து பெருநகருக்கு அருகில் வாழ்வோருக்கே முதலில் பயன்படும்.