வான்குடையும் அளவையும்

பொருளை அளவைகொண்டு துணிதல் நம் சித்தாந்த மரபு. பிறர் விரித்துரைக்கும் அளவைகளையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார் சிவஞான சித்தியார் அருளிய அருணந்தி சிவாசாரியார். ஆதலின் சான்று வேண்டுதல் குற்றமன்று. எப்பொருட்கு எவ்வளவை ஏற்புடைத்து என்றறியாது வேண்டுதலே குற்றம். அக்குற்றத்தை எள்ளி மேனாட்டு மருத்துவர் வரைந்த இரண்டு கட்டுரைகளை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கட்டுரை 2003 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் சுமித், பெல் என்னும் இருவரால் எழுதப்பெற்றது. பாராசூட் என வழங்கும் வான்குடை, விமானத்தினின்று குதிப்பாரைக் காக்குமோ என்பது வினா. மக்களைத் திருவுளச்சீட்டு முறையால் இருகூறாக்கி, ஒருசாரார்க்கு அதனைக் கொடுத்தும் மற்றையோர்க்குக் கொடாதும் ஒப்புநோக்கிய சோதனை உளதோ எனத் தேடி, இல்லையென முடித்தனர். அத்தகு சோதனையன்றிப் பிறிதெதுவும் சான்றாகாது என்பார் தாமே அதனை நடத்திக் குதித்துக் காட்டுக என்பது அவர்தம் முடிபின் கருத்து.

நகையாடலாயினும் உள்ளுறை பெரிது. உயரத்தினின்று வீழ்ந்தார் மடிதல் காட்சி. வீழ்ச்சியின் விரைவு தணியின் அடியின் வலியும் தணியும் என்பது கருதல். ஐயமும் திரிபும் நீங்கியபின் மீட்டும் சான்று கேட்டல், அடுக்களையில் அடுப்பெரியக் கண்டானொருவன், புகைகொண்டு நெருப்பை நிறுவுக என்பதனை ஒக்கும். தருக்க நூலார் இதனைச் சித்தசாதனம் என்பர்.

அற்றேல், வெளிப்படை எனத் தோன்றுவன யாவும் மெய்யோ எனின், அல்ல. குருதி வாங்குதல் நோய் தீர்க்கும் என்பது மேனாட்டில் நெடுங்காலம் வெளிப்படையாகவே கொள்ளப்பட்டது. 1830களில் பாரிசு நகரத்து லூயி என்னும் மருத்துவர், நுரையீரல் அழற்சியுற்றாரை எண்ணிக் கணக்கிட்டு, அதனாற் பயன் மிகச் சிறிதென்று காட்டினார். குருதி வாங்கப்பட்டாருள்ளும் பலர் மாண்டமையின் அவ்வேது அநைகாந்திகமாயிற்று. மருந்துகளுட் பல இத்தகையன. எம் மருந்தும் வான்குடையே எனக் கூறிச் சோதனையைத் தட்டிக்கழிப்பார்க்கு முதற்கட்டுரை துணையாகாது என்க.

இரண்டாங் கட்டுரை அவ்விதழிலேயே 2018 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர் சிலரால் வெளியிடப்பெற்றது. இவர் சோதனையை நடத்தியே விட்டனர். 23 பேர் குதித்தனர். ஒருசாரார் வான்குடையுடனும் மற்றையோர் வெறும் முதுகுப்பையுடனும். இருசாராருள்ளும் இறந்தார் இலர்; ஆகலின் வான்குடையாற் பயனில்லை என்பது முடிபு! விமானமோ தரையில் நின்றது. குதித்த உயரம் சராசரி 0.6 மீட்டர். எண்ணிற் பிழையில்லை. உயரத்தினின்று வீழ்தல் என்னும் ஏது பக்கத்தில் இல்லாமையின் இஃது அசித்தம் என்னும் ஏதுப்போலி. முன்னையது சான்று கேட்பாரை நகைத்தது; இது சான்றெனத் தோன்றுவதனையே நகைத்தது. ஆதலின் இதுவே சிறந்ததென்பது எம் துணிபு.

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் இருந்து இவற்றைப் படித்த எமக்கு நகை நெடிது நில்லவில்லை. வெடிமருந்துக் கலவை அறையில் ஆள் மிகலாகாது, இரும்புக் கருவி ஆகாது என்பன இவண் விதிகள். இரும்பு உரசிற் பொறி எழும். பொறி படிற் கலவை பற்றும். பற்றின் உள்ளார் அனைவரையும் தீண்டும். ஆளைக் குறைத்தால் உயிரிழப்புக் குறையும் என்பதற்கு ஆய்வுச் சான்று உளதோ என ஒருவர் எம்மை வினாவினார். ஓரறையில் நால்வரையும் மற்றோரறையில் பதின்மரையும் இருத்தி, இரண்டிலும் தீயிட்டு எண்ணுக. பதின்மருள் ஒருவராய் அமரத் தாங்கள் ஒருப்படின் சான்று எளிதிற் கிட்டும் என்றேம். அவர் வாளா இருந்தார்.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசாலைத் தீயில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அச்சாம்பலைக் கண்டபின்னும் சான்று கேட்பார்க்கு எவ்வளவையைக் காட்டுவது?

ஐயம் உள்ளவிடத்துச் சோதனை செய்க. அது மெய்யறிவுக்கு வழி. ஐயமின்றி உயிர் போமிடத்துச் சோதனை கேட்டுக் காலந்தாழ்த்தல் அருளின்மையேயாம். அறிவுடையோர் ஆய்ந்து கொள்க.