கொட்டியார்குடாவுக்கு ஏற்ற யந்திரம்

ஒரு துறைமுகத்தின் சரித்திரத்தை, அங்கே வந்து தங்கிய கலங்கள் எதைக் கொண்டு ஓடின என்பதை வைத்தே பெரும்பாலும் எழுதிவிடலாம் என்று சொன்னால், திருகோணமலையைப் பொறுத்தவரையில் அது மிகையாகாது. காற்றை நம்பிய பாய்க்கப்பல்களுக்கு ஆழமும் அடைக்கலமும் தந்த இந்த இயற்கைத் துறை, பிரித்தானியக் கடற்படை நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறிய காலத்தில், சீனக்குடாவின் காட்டுக்குள்ளே, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளத்தக்க இரும்புத் தாங்கிகளை வரிசை வரிசையாக ஏற்றுக்கொண்டது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நடத்திய தாக்குதலில் அவற்றுள் ஒன்று எரிந்தழிந்தது. இன்று எஞ்சி நிற்கும் 99 தாங்கிகளுள் 61 ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசி நிறுவனமும் கூட்டாக அபிவிருத்தி செய்வதென்று 2022 ஜனவரியில் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்பின் 2023 ஜூலையில் இந்தியாவும் இலங்கையும் வெளியிட்ட கூட்டு ஆவணத்தில் பசுமை ஐதரசன் என்ற சொல் இடம்பெற்றது. 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு இராச்சியத்தையும் சேர்த்துக்கொண்டு, திருகோணமலையைச் சக்தி மையமாக ஆக்குவதென்று மூன்று நாடுகளும் கைச்சாத்திட்டன. காற்று, நிலக்கரி, எண்ணெய் என்று மூன்று யுகங்களைக் கண்ட துறையின் வாசலில் நான்காவது யுகம் வந்து நிற்கிறது. அது ஐதரசனின் யுகமா, மின்கல அடுக்கின் யுகமா என்பதை, இந்த மாவட்டத்தின் தேவைகளை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விரு மார்க்கங்களையும் எடைபோடுபவர்களிற் பலர் வண்டியின் புகைபோக்கியை மட்டுமே பார்க்கிறார்கள். அங்கே புகை இல்லையென்றால் குற்றமும் இல்லை என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். இது அரைகுறைப் பரீட்சை. ஒரு யந்திரத்தின் குணதோஷங்களை அறிய விரும்புகிறவன், அதற்கு ஊட்டும் சக்தி எங்கே பிறந்தது, வரும் வழியில் எவ்வளவு விரயமாயிற்று, பழுதானால் திருத்தத் தெரிந்தவன் பக்கத்து ஊரில் இருக்கிறானா, செலவு கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பவற்றையெல்லாம் விசாரித்த பிறகே வாய்திறக்க வேண்டும்.

அடிப்படையில் இரண்டும் உடன்பிறப்புகளே. இரண்டிலும் சக்கரத்தையோ விசிறியையோ சுழற்றுவது மின்மோட்டர்தான். பற்றரி என்று நாம் வழங்கும் மின்கல அடுக்கு மின்சாரத்தை வாங்கி வைத்துத் திருப்பித் தருகிறது. எரிபொருட்கலமோ, ஒரு பக்கம் ஐதரசனையும் மறுபக்கம் காற்றிலுள்ள ஒட்சிசனையும் பெற்று, நடுவிலுள்ள மெல்லிய சவ்வின் மேல் படிந்த பிளாட்டினத்தின் துணையால் ஐதரசனிலிருந்து இலத்திரனைப் பிரித்துக் கம்பிவழியே சுற்றி அனுப்பி, அங்கேயே மின்சாரத்தை உண்டாக்குகிறது. எஞ்சுவது நீரும் வெப்பமும் மாத்திரமே. 1839 அளவில் வில்லியம் குரோவ் என்பவர் காட்டிய இத்தத்துவத்தைப் பிரான்சிஸ் பேக்கன் 1959 இல் 5 கிலோவாற்று தரும் சாதனமாக வளர்த்தெடுக்க, அப்பலோ விண்கலங்கள் அதன் வழிவந்த கலங்களிலிருந்தே மின்சாரத்தையும் குடிநீரையும் பெற்றன. இத்தனை பழமையும் பெருமையும் வாய்ந்த சாதனம் வீதிக்கும் கடலுக்கும் வரத் தாமதித்ததற்குக் காரணம் கலத்தில் இல்லை. அதற்கு உணவான ஐதரசனிலேயே இருக்கிறது.

அக்காரணத்தை ஓர் உள்ளூர்க் கணக்கினால் விளக்க முயல்கிறேன். கிண்ணியாவிலோ மூதூரிலோ குச்சவெளியிலோ கரையிலிருந்து புறப்படும் கண்ணாடியிழைப் படகொன்று, தன் வெளியிணைப்பு யந்திரத்தில் ஒரு பயணத்துக்கு 20 லீற்றர் மண்ணெண்ணெய் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லீற்றரில் அடங்கிய சக்தி சுமார் 10 அலகு (கிலோவாற்று மணி). ஆனால் இத்தகைய சிறு யந்திரம் அதில் ஐந்தில் ஒரு பங்கையே விசிறிக்குக் கொடுத்து, மிச்சத்தை வெப்பமாகவும் புகையாகவும் கடலில் விடுகிறது. ஆகவே படகுக்கு உண்மையில் வேண்டியது 40 அலகு. அதை மின்கல அடுக்கினால் கொடுக்க 50 அலகு கொள்ளும் அடுக்கு வேண்டும். இன்றைய இலித்தியம் அடுக்குகளில் அதன் பாரம் 300 கிலோகிராமுக்கு மேலாகும். அதே 40 அலகை எரிபொருட்கலத்தின் வழியாகப் பெறுவதற்கு ஏறக்குறைய 2.4 கிலோகிராம் ஐதரசன் போதும். அதைத் தாங்கும் உருளையையும் சேர்த்தால் பாரம் 50 கிலோகிராம் அளவில் நிற்கும். கலத்துக்கும் மோட்டருக்குமுரிய பாரத்தைக் கூட்டினாலும், வலையும் மீனும் ஏற்றவேண்டிய சிறு படகொன்றில் இது சாமானியமான அநுகூலம் அல்ல. ஐதரசனை ஆதரிப்போர் கூறும் நியாயங்களுள் மிக வலிமையானது இதுவே. இதை மறுப்பவன் கடலுக்குப் போகிறவனின் கஷ்டத்தை அறியாதவன்.

ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நீரை மின்பகுப்புச் செய்து 1 கிலோகிராம் ஐதரசன் எடுப்பதற்கு 50 முதல் 55 அலகு வரை மின்சாரம் செலவாகிறது. அதை வளிமண்டல அமுக்கத்தைப் போல 350 மடங்கும் 700 மடங்குமாக அமுக்கி உருளையில் அடைப்பதற்கு மேலும் செலவு உண்டு. ஆக, அந்தப் படகின் ஒரு பயணத்துக்காகக் கரையில் செலவிட வேண்டியது 130 அலகுக்குக் குறையாது. மின்கல அடுக்கை ஏற்றுவதற்கோ 55 அலகு அளவில் போதும். ஒரே வேலைக்கு இரண்டு மடங்குக்கும் மேலான மின்சாரம்! புத்தளத்து நுரைச்சோலையின் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையத்தை இன்னும் நம்பியிருக்கும் நாட்டில், இரவில் மின்வலையமைப்பிலிருந்து எடுத்த மின்சாரத்தால் ஐதரசன் செய்து படகை ஓட்டினால், திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையிலுள்ள கொட்டியார்குடாவில் காணாமற்போன புகை புத்தளக் கரையிலே இன்னும் அதிகமாக எழும். கண்ணெதிரே தூய்மையாகத் தோன்றுவது நாட்டுக்குத் தூய்மையானதென்று கொள்ளுதல் பெரும் பிழை.

செலவு என்ற சொல்லை நான் இலேசாகச் சொல்லவில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. முன்பு 1,740 ரூபாவுக்கு முடிந்த அந்த 20 லீற்றர், மறுநாள் 6,800 ரூபாவாகி நின்றது. வள்ளங்கள் கரையேறின. எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்காகக் காத்து நின்ற அந்த வருஷத்தின் அநுபவம், எந்த எரிபொருளானாலும் அது கப்பலேறி வரவேண்டியதாக இருந்தால் நம் உணவும் பிரயாணமும் அந்நியன் விலைக்கு அடிமைப்பட்டவையே என்பதை ஏழைக்கும் விளங்கவைத்தது. மின்கல அடுக்கும் இறக்குமதிதான் என்று ஒருவர் கேட்கலாம், கேட்பது நியாயமே. ஆயினும் அடுக்கு பல வருஷத்துக்கு ஒருமுறை வருவது. எண்ணெய் நாள்தோறும் வரவேண்டியது. இந்த வித்தியாசம் சிறிதல்ல.

மின்கல அடுக்கின் குறைகளையும் மறைக்கக் கூடாது. நம் ஊரின் வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கிறது. உப்புக் காற்று அதன் இணைப்புகளை அரிக்கிறது. சிலவகை அடுக்குகள் தீப்பற்றினால் அணைப்பது மிகவும் கடினம். ஆயுள் முடிந்த அடுக்குகளை எங்கே கொண்டுபோய்ப் பிரித்தெடுப்பது என்பதற்கு இந்த மாவட்டத்தில் நான் அறிந்த ஏற்பாடு ஒன்றும் இல்லை. உப்புக் காற்று எரிபொருட்கலத்துக்கும் பகைதான். வடிகட்டாமல் உள்ளே போகும் கடற்காற்றின் உப்பு அதன் சவ்வையே கெடுத்துவிடும். ஐதரசன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும் இயல்புடையது. திறந்த வெளியில் விரைந்து மேலெழுந்து போய்விடுவதால் கடற்கரையில் அது ஓரளவு சாந்தமானது என்றாலும், மூடிய யந்திர அறையில் அப்படியல்ல.

சொந்தக் கணக்கை விட்டுப் பிறநாட்டாரின் அநுபவத்துக்கு வருவோம். நோர்வேயில் 2015 இல் ஓடத் தொடங்கிய ‘அம்பேர்’ என்னும் ஓடம் 5.7 கிலோமீற்றர் நீர்ப்பரப்பை மின்கல அடுக்கினாலேயே கடக்கிறது. அதன் கரைக் கிராமங்களின் மின்வலையமைப்பு பலவீனமாயிருந்தபடியால், இரு கரைகளிலும் அடுக்குகளை வைத்து, ஓடம் இல்லாத நேரத்தில் மெல்ல மெல்ல அவற்றை நிரப்பி, ஓடம் வந்ததும் அதற்குக் கொடுத்தார்கள். அதே நாட்டில் 2023 இல் திரவ ஐதரசனைக் கொண்டு ஓடத் தொடங்கிய ‘ஹைட்ரா’ என்னும் ஓடத்துக்கோ, அந்த ஐதரசனைச் சைபருக்குக் கீழே 253 பாகை வரையில் குளிர்வித்து, ஜெர்மனியின் லொய்னாவிலிருந்து லொறியில் கொண்டுபோக வேண்டியிருந்தது. நமக்கு அண்மையிலே, கொச்சியின் நீர்வழிப் படகுகள் 2023 ஏப்ரல் முதல் இலித்தியம் டைட்டனேற்று அடுக்குகளால் ஓடுகின்றன. இவ்வகை அடுக்கு பாரம் கூடியதாயினும் விரைந்து ஏறுவது, எளிதில் தீப்பற்றாதது. அதே கொச்சியிலுள்ள கப்பல் கட்டும் தளம் அமைத்த 50 பேர் செல்லத்தக்க ஐதரசன் படகு, 2024 பெப்ரவரியில் தூத்துக்குடியில் நடந்த விழாவில் தொடக்கி வைக்கப்பட்டு, வாரணாசியின் கங்கைக்குச் சென்றது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலோ 2025 செப்டம்பரில் மணிக்கு 10 கன மீற்றர் ஐதரசன் தரும் சோதனை ஆலை திறக்கப்பட்டது. நாள் முழுதும் ஓடினாலும் 21 கிலோகிராம் அளவே. மேலே சொன்ன மீன்பிடிப் படகுகளில் ஒன்பதுக்கு அது ஒருநாள் உணவு. அந்த ஐதரசனிலிருந்து பெறும் மின்சாரம் துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும், மின்வண்டிகளின் பற்றரிகளை ஏற்றுவதற்கும் போகிறது. மின்சாரத்தை ஐதரசனாக்கி, ஐதரசனை மீண்டும் மின்சாரமாக்கி, அதை மின்கல அடுக்கில் ஏற்றுவது பயிற்சிக்கு உதவலாம்; போக்குவரத்துக்கு அதை முன்மாதிரியாகக் கொள்ளுதல் தகாது.

திருகோணமலை உட்துறையிலிருந்து மூதூருக்குக் கடல்வழித் தூரம் 13 கிலோமீற்றர் அளவுதான். தரைவழியில் பாலங்கள் அமைந்து மூதூருக்கும் மட்டக்களப்புக்கும் வீதி திறந்துவிட்டதனால் கடல்வழியின் அவசியம் குறைந்தது என்பது உண்மை. எனினும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் குடாவைக் குறுக்கே கடக்கும் வசதி தேய்ந்துபோக வேண்டியதொன்றல்ல. அத்தகைய குறுகிய, நேரம் தவறாத, இரு நுனிகளிலும் இறங்குதுறையுள்ள பாதைக்கு மின்கல அடுக்கைவிடப் பொருத்தமான சாதனம் இன்று இல்லை. ஆனால் யந்திரத்தைப் பற்றிப் பேசும்போது கலத்தை மறந்துவிடக் கூடாது. 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து, பள்ளிச் சிறுவர்கள் உட்படப் பலர் மாண்டார்கள். உயிர்காப்பு அங்கியும், ஏற்றத்தக்க ஆட்கணக்கும், தகுதிகாண் பரிசோதனையும் இல்லாத கலத்தில் எத்தனை தூய யந்திரத்தைப் பூட்டினாலும் அது பாவமே.

ஐதரசனுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. சீனக்குடாவிலிருந்து சீமெந்தும் கோதுமை மாவும் ஏற்றிக்கொண்டு கொழும்பு வரை 250 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் லொறிகள், நாட்கணக்காகக் கடலில் தங்கும் பலநாட் கலங்கள், பெருங்கப்பல்கள் ஆகியவற்றுக்கு மின்கல அடுக்கின் பாரம் இன்னும் தடையாகவே இருக்கிறது. இரயிலைப் பற்றி எனக்கு அத்தனை நிச்சயமில்லை. பெரம்பூரின் இரயில்பெட்டித் தொழிற்சாலையில் 2025 இல் ஐதரசன் இரயில் சோதிக்கப்பட்டது. ஆனால் ஜெர்மனியின் கீழ்ச் சக்சனி மாநிலம், 2022 இல் ஐதரசன் இரயில்களை ஓட்டிய பெருமையைப் பெற்ற பின்பு, இனி வாங்குபவை மின்கல அடுக்கு இரயில்களே என்று மனம் மாறிக்கொண்டது. கல்ஓயாச் சந்தியிலிருந்து கந்தளாய் வழியாக வரும் நம் கிளைப்பாதையில் ஓடும் இரயில்களின் தொகைக்கு, தனியாக ஐதரசன் நிலையம் கட்டுவது கட்டுப்படியாகாதென்பதே என் அபிப்பிராயம்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தையும் களைய வேண்டும். சீனக்குடாத் தாங்கிகள் இருக்கின்றனவே, அவற்றில் ஐதரசனை நிரப்பி விற்கலாமே என்று சிலர் பேசுகிறார்கள். சாதாரண அமுக்கத்தில் எண்ணெய் வைக்கக் கட்டிய தாங்கிகள் அவை. ஐதரசனோ பேரமுக்கத்தையோ கடுங்குளிரையோ வேண்டுவது, இரும்பினுள் புகுந்து அதை நொய்யச் செய்யும் இயல்பும் உடையது. அமோனியாவாக மாற்றினாலும் சைபருக்குக் கீழே 33 பாகையில் வைக்கும் வேறு தாங்கிகள் வேண்டும். பழைய தாங்கிகள் எண்ணெய்க்கே உதவும்.

இந்த மாவட்டம் உண்மையில் கொடுக்கக்கூடியவை வேறு. சம்பூரில் நிலக்கரி நிலையம் கட்டும் எண்ணம் 2016 இல் கைவிடப்பட்டு, அங்கே 120 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே மாதத்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்சாரத்துக்குத் தேவை குறைந்தபடியால், கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. 2022 இல் மண்ணெண்ணெய்க்கு வழியின்றிப் படகு கரையில் கிடந்த நாட்டிலேயே, பகல் வெயிலின் மின்சாரம் வேண்டாமென்று தள்ளப்பட்டதை நினைக்கையில் மனம் வேதனைப்படுகிறது. நடுப்பகலில் மிஞ்சும் அந்த மின்சாரத்தை முதலில் ஏற்கத்தக்கவை இறங்குதுறை அடுக்குகளே. மின்பகுப்பு யந்திரமோ, விலையுயர்ந்ததாகையால், நாளொன்றுக்குச் சில மணி மாத்திரம் ஓடினால் முதலுக்கு வட்டி கட்டவும் காணாது. புல்மோட்டையின் இல்மனைற்றும் உருத்தைலும் டைட்டேனியத்தின் தாதுக்கள். கொச்சிப் படகுகளின் வகையான அடுக்கிலும், மின்பகுப்பு யந்திரத்தின் தகடுகளிலும் டைட்டேனியமே பயன்படுகிறது. எந்த மார்க்கம் வென்றாலும் வேண்டப்படும் அந்த மணலை நாம் மணலாகவே கப்பலேற்றுவது நெடுங்காலக் குறை.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூரிய மின்திட்டங்களுக்காகத் தம் வயல்கள் பறிபோகின்றன என்று இந்த மாவட்டத்தின் முத்துநகர் விவசாயிகள் 2025 இல் வீதிக்கு வந்தார்கள். போரில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் தம் காணிக்குத் திரும்பப் பல வருஷம் காத்திருந்தார்கள். ஒரே வேலைக்கு இரண்டு மடங்கு மின்சாரம் கேட்கும் மார்க்கம் இரண்டு மடங்கு நிலத்தையும் கேட்கும் என்பதை ஐதரசன் ஏற்றுமதியை முதலில் வைப்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது: குடாவைக் கடக்கும் ஓடத்துக்கும், நகர பஸ்ஸுக்கும், முச்சக்கர வண்டிக்கும், அதிக தூரம் போகாமல் கரையோரத்தில் வலைவிரிக்கும் சிறு படகுக்கும், பாரம் கூடினாலும், மின்கல அடுக்கே உரியது, அதை இன்றே தொடங்கலாம். ஐதரசன், நீண்ட தூரத்துக்கும் நெடுங்கடலுக்கும் உரியதாக, நம் சொந்தப் பகல் மின்சாரம் உண்மையாகவே மிஞ்சும் நாள்வரை பரீட்சை அளவில் நிற்கட்டும். சம்பூரில் பிறக்கப்போகும் மின்சாரத்தின் முதற்பங்கை மூதூர், கிண்ணியா, உட்துறை ஆகிய இறங்குதுறைகளில் மின்னேற்று நிலையங்களுக்கு ஒதுக்கும்படியும், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அடுக்குகளைத் தவணைக் கடனில் கொடுக்கும்படியும், மின்சார சபையையும் கடற்றொழில் அமைச்சையும் மாகாண சபையையும் கேட்டுக்கொள்கிறேன்.