முதலாண்டுத் தொடர்பியல் பாடங்களில் மொழியின் இடம்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இதழியலும் தொடர்பியலும் பயில வரும் மாணவர் முதலாண்டில் கட்டாயமாகக் கற்க வேண்டிய முதன்மைத் தாள்கள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். இதழியல் அறிமுகம் ஒன்று. ஊடகமும் தொடர்பும் பற்றிய அறிமுகம் மற்றொன்று. பெயர்கள் இடத்திற்கு இடம் சற்று மாறினும் உள்ளடக்கம் அதிகம் மாறுவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டில் விருப்பத் தெரிவு முறையின்கீழ் நாடு முழுமைக்கும் மாதிரியாக வெளியிட்ட இதழியல் சிறப்பு இளங்கலைப் பாடத்திட்டத்திலும் முதற்பருவத்தில் இவ்விரண்டுமே இடம்பெற்றன. துறைக்குப் புதியவரான ஒருவர் செய்தி என்பது யாது, தொடர்பு என்பது யாது என்னும் வினாக்களுக்கு முதன்முதலாக விடை பெறுவது இத்தாள்களின் வழியே. பின்னர் வரும் பருவங்களில் அவர் கற்பவை இந்த அடித்தளத்தின்மேல் எழுகின்றன. ஆகவே இவற்றில் எது இடம்பெறுகிறது, எது விடுபடுகிறது என்பது ஆராயத்தக்கது.

மேற்குறித்த மாதிரிப் பாடத்திட்டத்தின் முதல் தாளில் செய்தியின் மொழி குறித்து ஒரு வரி உண்டு. அவ்வரியில் இரு பெயர்கள் காணப்பட்டன. ஒன்று ராபர்ட் கன்னிங், அவர்தம் தெளிவான எழுத்துக்குரிய நெறிகள். மற்றொன்று ருடால்ஃப் ஃபிளெஷ், அவர்தம் எளிமைச் சூத்திரம். எட்டாவது அட்டவணையில் 22 மொழிகளைக் கொண்ட நாட்டில், செய்தி மொழியைப் பற்றி முதலாண்டு மாணவருக்குச் சொல்ல வேண்டியவை இவ்விரு அமெரிக்கச் சூத்திரங்கள் என்று கொள்ளப்பட்டமை வியப்பிற்குரியது. மேனாட்டார் கண்டவை என்பதற்காக அவற்றைத் தள்ள வேண்டியதில்லை. அவை இந்திய மொழிகளுக்குப் பொருந்துமா என்னும் வினா எழுப்பப்படாமையே குறை.

ஃபிளெஷ் 1948இல் வெளியிட்ட சூத்திரம் இரண்டு அளவைகளால் ஆனது. ஒரு வாக்கியத்தில் சராசரியாக எத்தனை சொற்கள் உள்ளன என்பது முதலாவது. ஒரு சொல்லில் சராசரியாக எத்தனை அசைகள் உள்ளன என்பது இரண்டாவது. (இங்கு அசை என்பது யாப்பிலக்கணம் கூறும் நேரும் நிரையும் அன்று, ஓர் உயிரை மையமாகக் கொண்ட ஒலிக்கூறு.) முதல் அளவை 1.015ஆலும் இரண்டாம் அளவை 84.6ஆலும் பெருக்கப்பட்டு 206.835இலிருந்து கழிக்கப்படும். எஞ்சும் எண் நூறை நெருங்கினால் எளிய நடை. முப்பதுக்குக் கீழ் இறங்கினால் மிகக் கடிய நடை.

தமிழில் தொடக்கப்பள்ளிக் குழந்தையும் அறியும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம்: 'அவர்கள் வீட்டிற்கு வந்தார்கள்'. சொற்கள் மூன்று, ஒவ்வொரு சொல்லிலும் மூன்று அசைகள். சூத்திரத்தில் இட்டால் கிடைப்பது கழித்தல் ஐம்பது! இதே பொருளை மூன்று ஓரசைச் சொற்களால் ஆங்கிலத்தில் கூறின் 119 கிடைக்கும். குழந்தையின் வாக்கியம் சட்ட ஆவணத்தினும் கடியதாகக் கணக்கிடப்படுகிறது.

கன்னிங் 1952இல் வெளியிட்ட குறியீட்டின் நிலையும் இதுவே. மூன்றும் அதற்கு மேலும் அசைகள் கொண்ட சொல் அவர் கணக்கில் கடினச் சொல்லாகும். நூற்றுக்கு எத்தனை சொற்கள் அத்தகையன என்பதையும் வாக்கியத்தின் சராசரிச் சொல்லளவையும் கூட்டி 0.4ஆல் பெருக்கினால், அப்பகுதியைப் படிக்க ஒருவர் எத்தனை ஆண்டுகள் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றிருக்க வேண்டும் என்பது தெரியுமாம். மேற்காட்டிய தமிழ் வாக்கியத்திற்கு வரும் விடை 41 ஆண்டுகள். வினையில் விகுதி சேர்வதால் மூன்றசையாகும் ஆங்கிலச் சொற்களுக்குக் கன்னிங் விலக்கு அளித்தார். அவ்விலக்கைத் தமிழ் வினைக்கும் அளித்தால் 28 ஆண்டுகளாகக் குறையும். வேற்றுமை உருபிற்கு அவர் விலக்கு அளிக்கவில்லை. ஆங்கிலத்தில் அது சொல்லோடு ஒட்டி நிற்பதில்லையாதலின் அதற்குத் தேவையும் எழவில்லை.

இது கணக்கு விளையாட்டு அன்று. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் வேற்றுமை, காலம், இடம், எண், பால் ஆகியவை சொல்லின் உள்ளேயே அடங்குகின்றன. சொல் நீள்வதால் பொருள் கடினமாவதில்லை. பல வேளைகளில் பொருள் தெளிவாவதே அதனால்தான். ஐரோப்பிய மொழியாளர் இதனை உணர்ந்தனர். ஸ்பானிய மொழிக்கு 1959இல் ஃபெர்னாண்டெஸ் வெர்த்தாவும், ஜெர்மானிய மொழிக்கு 1978இல் ஆம்ஸ்டாடும் ஃபிளெஷின் மாறிலிகளைத் தம் மொழிக்கேற்ப மாற்றினர். ஜெர்மானிய மொழி பேசும் வியன்னாவில் பிறந்து அமெரிக்கா சென்றவரான ஃபிளெஷின் சூத்திரத்தையே ஜெர்மானிய மொழிக்குத் திருத்த வேண்டியிருந்தது. இந்தியப் பாடத்திட்டம் அதனைத் திருத்தமின்றி ஏற்றது. தாய்மொழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று வரும் மாணவர் இச்சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதித் தேறுகிறார். தம் மொழி இயல்பாகவே கடினமானது என்னும் எண்ணம் அவருள் சொல்லப்படாமலேயே பதிகிறது.

செய்தி எழுதும் பயிற்சியிலும் இப்போக்கு தொடர்கிறது. தலைகீழ்க் கூம்பக அமைப்பு முதலாண்டின் தவறாத பாடம். முதன்மையான செய்தி முதலில், துணைச் செய்திகள் பின்னர் என்பது அதன் விதி. ஆங்கில வாக்கியத்தில் எழுவாயும் வினையும் தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றன. எங்கு, எப்போது, ஏன் என்பவை பின்னால் தொங்குகின்றன. எனவே முழுச் செய்திக்குரிய கூம்பக அமைப்பு ஒரே வாக்கியத்திற்குள்ளும் பொருந்திவிடுகிறது. தமிழிலோ வினைமுற்று இறுதியில் நிற்பது இயல்பு. யார், எங்கு, எப்போது, எதனால் என்பவற்றை எல்லாம் முதல் வாக்கியத்திலேயே கூறுக என்று விதித்தால், அடுக்கடுக்கான பெயரெச்சங்களும் வினையெச்சங்களும் சேர்ந்து வினைமுற்றை ஐந்தாம் வரிக்குத் தள்ளிவிடும். நடந்தது யாது என்பதைப் படிப்பவர் கடைசியாகவே அறிகிறார். விதியைப் பின்பற்றியதாலேயே விதியின் நோக்கம் சிதைகிறது. தமிழ் நாளிதழ்கள் இச்சிக்கலுக்குத் தம் அனுபவத்தால் தீர்வு கண்டன. சி.பா. ஆதித்தனார் தம் நாளிதழில் வற்புறுத்திய சிறு வாக்கியமும், கொச்சை நீக்கிய பேச்சு நடையும் அத்தீர்வுகளுள் ஒன்று. அந்நடையின் இலக்கியத் தகுதி பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் தமிழ்த் தொடரமைப்பை உணர்ந்து செய்திக்கு நடை வகுத்த முயற்சி என்ற அளவில் அது முதலாண்டு வகுப்பிற்கு உரியது.

இதனினும் முக்கியமானது வினைமுற்றின் விகுதி. ஒருவர் ஓடினார் என்பதை ஆங்கிலச் செய்தியாளர் எழுதும்போது ஓடியவரின் சமூக நிலை பற்றி அவர் வினைச்சொல் ஏதும் கூறுவதில்லை. தமிழ்ச் செய்தியாளர் 'ஓடினான்' என்றோ 'ஓடினார்' என்றோ தெரிந்தெடுத்தே தீர வேண்டும். தெலுங்கிலும் ஒருமைக்கும் மரியாதைப் பன்மைக்கும் விகுதி வேறுபாடு உண்டு. இந்தி வினையும் மரியாதை கருதிப் பன்மை வடிவம் கொள்ளும். மலையாள வினை இடத்தையும் எண்ணையும் காட்டாதாகையால் ஓரளவு தப்பித்துவிடுகிறது. அங்கும் பெயரிலும் சுட்டிலும் சிக்கல் உண்டு. குற்றம் சாட்டப்பட்ட கூலித் தொழிலாளி 'தப்பி ஓடினான்' என்றும், குற்றம் சாட்டப்பட்ட செல்வர் 'தலைமறைவானார்' என்றும் எழுதப்படும்போது, நீதிமன்றம் தீர்ப்புக் கூறுமுன்னரே விகுதி தீர்ப்புக் கூறிவிடுகிறது. ஊடக அறம் என்னும் தாள் பிற்பருவங்களில் வருகிறது. அங்கு நடுநிலை, சான்று, தனிமனித உரிமை ஆகியவை பேசப்படுகின்றன. இந்திய மொழிச் செய்தியில் அறத்தின் முதற்களம் விகுதியே என்பதை முதலாண்டில் எவரும் கூறுவதில்லை. ஆங்கிலப் பாடநூலில் அச்சிக்கலே இல்லை.

இரண்டாம் தாளாகிய தொடர்பியல் அறிமுகத்திற்கு வருவோருக்கு லாஸ்வெல்லின் 1948ஆம் ஆண்டு வாய்பாடும், ஷானன்-வீவர் மாதிரியும், ஷ்ராமின் மாதிரியும் காத்திருக்கின்றன. இவற்றின் வரவுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அலிகாரில் 1938இலும், லாகூரில் 1941இலும், சென்னையில் 1947இலும் பல்கலைக்கழக அளவில் இதழியல் கற்பிக்கத் தொடங்கினர். அமெரிக்கப் பேராசிரியர் ரோலண்ட் வூல்ஸ்லி 1952-53இல் நாகபுரியில் பயிற்றுவித்தார். இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் 1965இல் தில்லியில் உருவானதற்கு வில்பர் ஷ்ராம் உள்ளிட்ட வல்லுநர் குழுவின் பரிந்துரை துணைநின்றது. வழிகாட்டியவர் எழுதிய நூல் பாடநூலாவது இயல்பே. அரை நூற்றாண்டிற்குப் பின்னரும் அப்பட்டியலில் இந்தியக் கள ஆய்வு நுழையாமல் இருப்பதற்கு அக்காரணம் போதாது.

ஓர் எடுத்துக்காட்டு தகும். இருபடிப் பாய்வுக் கோட்பாட்டிற்கு மூலமாக மாணவர் கற்பது, 1940ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலையொட்டி ஒகாயோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் லசார்ஸ்ஃபெல்டும் துணைவரும் ஏறத்தாழ 600 பேரைத் திரும்பத்திரும்ப வினவி நடத்திய ஆய்வு. சிறந்த ஆய்வுதான். ஆயின் 1956இல் பூனா வானொலி மராத்தியில் ஒலிபரப்பிய 20 நிகழ்ச்சிகளை ஏறத்தாழ 150 ஊர்களில் உழவர் குழுக்கள் கூடிக் கேட்டு விவாதித்தன. அதன் பயனைப் பால் நியூராத் ஆய்ந்தார். யுனெஸ்கோ 1959இல் அதனை நூலாக வெளியிட்டது. வானொலியிலிருந்து கருத்து ஊருக்குள் எவ்வாறு பரவுகிறது, குழுவில் யார் பேசுகிறார், யார் பேசாதிருக்கிறார் என்னும் வினாக்களுக்கு இந்திய மண்ணிலேயே கிடைத்த சான்று அது. ஈரி கவுண்டியைப் படிக்கும் மாணவர் பூனாவையும் உடன் படித்தால், கருத்துத் தலைவர் என்னும் சொல் சாதியும் நிலவுடைமையும் உள்ள ஊரில் எப்பொருள் தரும் என்று கேட்கத் தலைப்படுவார். இன்றுள்ள நிலையில், பூனா ஆய்வு இடம்பெற்றால் வளர்ச்சித் தொடர்பியல் என்னும் பிற்பருவத் தாளிலேயே இடம்பெறுகிறது. கோட்பாடு அமெரிக்காவிலிருந்தும் செயற்பாடு இந்தியாவிலிருந்தும் வருவன என்ற பாகுபாடு இதனால் உறுதிப்படுகிறது.

இக்குறையைப் போக்கச் சிலர் மேற்கொண்ட வழி இந்தியத் தொடர்பியல் கோட்பாடு என்று ஓர் அலகைச் சேர்ப்பது. நாட்டிய சாத்திர மரபிலிருந்து சாதாரணீகரணம் அவ்வாறு வந்தது. தமிழில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் நன்னூல் பொதுப்பாயிரமும் சான்றாகக் காட்டப்படலாம். பவணந்தியார் ஆசிரியர் ஆகாதவருக்குக் கழற்பெய்குடத்தை உவமை காட்டுகிறார். போட்ட முறையில் அன்றிக் கழற்காய்கள் எப்படியோ வெளிவரும் குடம் அது. கேட்போருள் கடையானவருக்கு ஓட்டைக் குடத்தையும், நெய்யை விட்டுக் கசட்டைப் பற்றும் நெய்யரியையும் காட்டுகிறார். செய்தி சிதைவதற்குச் சொல்வோனும் காரணமாகலாம், கேட்போனும் காரணமாகலாம் என்னும் தெளிவு இதில் உண்டு. எனினும் ஷானன் கூறிய இரைச்சலைப் பவணந்தியார் முன்னரே கூறிவிட்டார் என்று முடிவு கட்டுவது பிழை. ஷானன் பேசியது தொலைபேசிக் கம்பியில் செல்லும் குறிகளின் அளவை. நன்னூல் பேசுவது ஆசிரிய மாணாக்கர் தகுதி. முன்னோர் பெருமை பேச ஓர் அலகைச் சேர்த்துவிட்டு, ஏனைய அலகுகளை முன்போலவே ஆங்கில எடுத்துக்காட்டுகளால் நடத்துவது மாணவருக்கு எவ்வகையிலும் உதவாது.

மொழிக்குத் தனித்தாள் உள்ளதே என்னும் மறுப்பு எழலாம். 2022 டிசம்பரில் மானியக் குழு வெளியிட்ட இளங்கலைக் கட்டமைப்பு, மூன்றாண்டிற்குரிய 120 மதிப்பலகுகளில் 8ஐ மொழித்திறன் பாடங்களுக்கு ஒதுக்குகிறது. தமிழகக் கல்லூரிகளில் பகுதி ஒன்றாகத் தமிழோ பிறமொழியோ நெடுங்காலமாக உண்டு. ஆனால் இவை வேதியியல் மாணவருக்கும் வணிகவியல் மாணவருக்கும் பொதுவானவை. செய்தி மொழியைக் கற்பிப்பது இவற்றின் நோக்கம் அன்று. மொழியாசிரியர் இலக்கியத்தை நடத்த, இதழியல் ஆசிரியர் கோட்பாட்டை நடத்த, செய்தி வாக்கியம் இருவர் வகுப்பிலும் இடமின்றி நிற்கிறது.

மற்றொரு மறுப்பு வலிமையானது. தில்லி, ஐதராபாத் போன்ற நகரங்களின் வகுப்பில் ஐந்தாறு மொழியினர் கலந்திருப்பர், ஆசிரியர் ஒருவரே. எம்மொழியில் பயிற்சி தருவது? இது உண்மையான இடர்ப்பாடு. நிதியும் ஆளும் இன்றித் தீராதது. எனினும் முதலாண்டு அளவில் அவ்வகுப்பே ஒரு வாய்ப்பும் ஆகும். ஒரே விபத்துச் செய்தியைத் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, வங்காளி நாளிதழ்களிலிருந்து மாணவரே கொண்டுவந்து அருகருகே வைக்கலாம். வினை எங்கே நிற்கிறது, இறந்தவருக்கும் ஓட்டுநருக்கும் ஒரே விகுதியா, காவல்துறை கூறியது என்பது தொடக்கத்தில் வருகிறதா இறுதியிலா என்று கேட்பதற்கு ஆசிரியர் ஐந்து மொழிகளும் அறிந்திருக்க வேண்டியதில்லை. மாணவர் அறிந்திருந்தால் போதும்.

கன்னிங்கும் ஃபிளெஷும் அவ்வகுப்பில் அப்போதும் இருக்கலாம். சூத்திரத்தைத் தம் மொழிப் பத்தி ஒன்றில் இட்டுப் பார்த்து, விடை ஏன் பிழைபடுகிறது என்று மாணவர் காண்பதே முதற்பயிற்சியாகலாம். எழுவாய்க்கும் வினைமுற்றிற்கும் இடையே எத்தனை சொற்கள், ஒரு பெயருக்கு முன் எத்தனை பெயரெச்சங்கள், அரசு அறிக்கையிலிருந்து மாற்றமின்றி எடுத்த தொடர்கள் எத்தனை என எண்ணுவது அடுத்தது. அவ்வெண்களைச் செய்தித்தாள் படிக்கும் பத்துப் பேரிடம் பொருள் கேட்டு ஒப்பிட்டால், தமிழுக்குரிய எளிமை அளவைக்கான முதல் தரவு முதலாண்டு மாணவரின் குறிப்பேட்டிலேயே கிடைத்துவிடும்.