கரைக்க முடிந்தால் போதுமா? ஹையலூரோனிக் அமில ஃபில்லர்களின் பாதுகாப்பு

கார்ல் மேயரும் ஜான் பால்மரும் 1934இல் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஹையலூரோனிக் அமிலம், தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே அமைந்து, நீரைப் பிடித்துவைக்கும் நீண்ட சர்க்கரைச் சங்கிலியாகும். உடலில் ஓரிரு நாள்களிலேயே சிதைந்துவிடும் இச்சங்கிலிகளை வேதிப்பொருளால் குறுக்கே பிணைத்துக் கூழாக்கினால் அது மாதக்கணக்கில் நிலைக்கும். அக்கூழை முகச்சுருக்கங்களையும் குழிவுகளையும் நிரப்ப ஊசிவழிச் செலுத்துவதே ஃபில்லர் சிகிச்சை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2003 டிசம்பரில் ரெஸ்டிலேன் என்னும் ஹையலூரோனிக் அமில ஃபில்லருக்கு அனுமதி அளித்தபின் இச்சிகிச்சை அமெரிக்காவிலும் பரவியது.

இதன் தலையாய சிறப்பு, மீட்க முடிவதுதான். சிலிக்கோன் போன்ற நிரந்தர நிரப்பிகள் பிழையாக அமைந்தால் அறுவைச் சிகிச்சையே வழி என்றிருக்க, ஹையலூரோனிக் கூழை ஹையலூரோனிடேஸ் என்னும் நொதி சிறு துண்டுகளாக வெட்டிக் கரைத்துவிடுகிறது. கண்ணுக்குக் கீழே மேலோட்டமாகச் செலுத்தப்பட்ட கூழ் ஒளியைச் சிதறடித்து நீலம் பாரித்துத் தெரிவதையும், உதட்டில் திரளும் கட்டியையும் பெரும்பாலும் இந்த நொதியால் சரிசெய்ய முடிகிறது.

ஆயினும், கூழ் தவறுதலாக இரத்தக்குழாய்க்குள் புகும்போது இம்மீட்சியின் எல்லை வெளிப்படுகிறது. தோல் வெளிறி, வலையாகக் கருநீலம் படர்ந்து, வலி மிகுவது குருதியோட்டம் தடைப்பட்டதன் அறிகுறி. உடனே கண்டுணர்ந்து, உயர்ந்த அளவில் நொதியைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் திசுவைக் காப்பாற்றும் வாய்ப்பு மிகுதி, தாமதித்தால் தோல் அழுகித் தழும்பாகும். மூக்கையும் புருவ இடைவெளியையும் ஊட்டும் தமனிகள் கண்தமனியோடு இணைந்திருப்பதால், ஊசியின் அழுத்தத்தில் கூழ் எதிர்த்திசையில் ஓடி விழித்திரைத் தமனியை அடைத்துவிடக்கூடும். குருதியின்றி விழித்திரை ஏறத்தாழ 90 நிமிடங்களே தாங்கும் என்பதாலும், அவ்வடைப்பை நொதி நீக்கும் என்பதற்கு உறுதியில்லாததாலும், அங்கே இழந்த பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

நொதியும் குறையற்றதன்று. அது ஃபில்லரோடு உடலின் சொந்த ஹையலூரோனிக் அமிலத்தையும் ஓரளவு சிதைக்கும். குளவி, தேனீ நஞ்சிலும் இதே வகை நொதி இருப்பதால், அவற்றுக்குக் கடும் ஒவ்வாமை உடையோரிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மேலும், ஊசி மருந்துகள் திசுவில் விரைந்து பரவுவதற்கென அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட இந்நொதியை, ஃபில்லரைக் கரைக்க மருத்துவர்கள் தம் பொறுப்பிலேயே பயன்படுத்துகின்றனர்.

ஆகவே மீட்சித்தன்மை கூழின் வேதியியலில் தொடங்கினாலும், முக நாளங்களின் அமைப்பை அறிந்த கையும், அடைப்பை உடனே இனங்காணும் கண்ணும், கையிருப்பில் போதிய நொதியும் ஒருங்கே அமையும் இடத்தில்தான் பயன் தருகிறது. இம்மூன்றும் இல்லாத அழகு நிலையங்களில் ‘வேண்டாமென்றால் கரைத்துக்கொள்ளலாம்’ என்று அளிக்கப்படும் உறுதிமொழி, நோயாளியின் அச்சத்தைத் தணிக்கிறதே தவிர ஆபத்தைத் தணிப்பதில்லை. பிழையைத் திருத்தும் ஆயத்தம் இல்லாதவர் இந்த ஊசியைத் தொடாதிருப்பதே மருத்துவ அறம்.