பெறுதலும் உருவாக்குதலும்: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

மின்னணு ஆவணச் சொற்களைப் பெயர்க்குங்கால் பெயர்ச்சொல்லுக்குக் காட்டும் கவனத்தை நாம் வினைக்குக் காட்டுவதில்லை. வாளையார் எல்லை இதற்குத் தக்க சான்றாகும். ரூ.50,000க்கு மேற்பட்ட மதிப்புடைய சரக்கு மாநிலம் கடக்க, 2018 ஏப்ரல் 1 முதல் ‘இ-வே பில்’ பொதுவாகக் கட்டாயமாயிற்று. பெருந்தொற்றுக் காலமாகிய 2020 மே மாதத்தில் கேரளத்திற்குள் நுழைய ‘இ-பாஸ்’ வேண்டியிருந்தது. அஃதில்லாதோர் வாளையாரில் தடுக்கப்பட்டனர்.

இரண்டையும் ‘பெறுதல்’ என்றெழுதுவது பொருந்தாது. பின்னது அரசு நிர்வாகம் ஆய்ந்து வழங்கியது. ஆண்டுப் ‘பெறுதல்’ தகும். முன்னதை வணிகரோ சரக்குப் போக்குவரத்தாளரோ தாமே இணையத்தில் நிரப்பி ஆக்குகின்றனர். பிழைக்குப் பொறுப்பும் அவர்களுடையதே. ‘பெறுதல்’ அப்பொறுப்பை மறைத்துவிடுகிறது. சீட்டில் குறையிருப்பின் வண்டி தடுக்கப்படலாம். வழியில் காத்திருப்பவர் ஓட்டுநர், படிவம் நிரப்பியவரல்லர். ஆதலின் ‘உருவாக்குதல்’ என்பதே ஈண்டு ஏற்ற பெயர்ப்பாகும்.